நிரலாக்கமா, திட்ட மேலாண்மையா: உங்களுக்குரிய தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முறை

இந்தக் கேள்வி பெரும்பாலும் இரண்டு தருணங்களில் எழுகிறது. படிப்பை முடித்துவிட்டு முதல் வேலையைத் தேடும்போது ஒரு முறை; நான்கைந்து ஆண்டுகள் நிரல் எழுதி நல்ல பெயர் வாங்கிய பிறகு, மேலதிகாரி அறைக்கு அழைத்து, "இனிமேல் இந்தக் குழுவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது இன்னொரு முறை. முதல் தருணத்தில் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் திருத்திக்கொள்ளக் காலம் இருக்கிறது. இரண்டாவது தருணத்தில்தான் பலர் யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் அது கேள்வியாக அவர்கள் காதில் விழுவதில்லை, பாராட்டாக விழுகிறது.

நான் ஒன்பது ஆண்டுகள் நிரல் எழுதினேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் திட்டங்களை நடத்தினேன். இரண்டையும் விரும்பியே செய்தேன் என்றாலும், நடுவில் ஓராண்டுக் காலத்தை ஒரு தவறான எண்ணத்தால் வீணாக்கினேன். நிரலாக்கத்துக்கு அடுத்த படி திட்ட மேலாண்மை என்பதுதான் அந்த எண்ணம். அது அடுத்த படியல்ல, வேறொரு தொழில். மரத்தில் கைதேர்ந்த தச்சருக்குக் கட்டட மேற்பார்வை தானாகக் கைவந்துவிடாது; மேற்பார்வையில் சிறந்தவர் உளி பிடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனவே எது உயர்ந்தது, எதில் பெயர் அதிகம் என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். எந்த வகையான சிக்கலோடு நாள் முழுவதும் அலுப்பில்லாமல் இருக்க முடிகிறது என்று உங்களையே கேளுங்கள். அதற்கான விடையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படிச் செய்து பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

இரண்டு வேலைகளையும் அருகில் இருந்து பார்த்தல்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நிரலாளர் கணினியோடு பேசுகிறார், திட்ட மேலாளர் மனிதர்களோடு பேசுகிறார் என்றே தோன்றும். இது பாதி உண்மைதான். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்ட ஆளுக்கொரு சம்பவம் சொல்கிறேன்.

மாதச் சந்தா வசூலிக்கும் ஒரு மென்பொருளில், சிலருக்கு மட்டும் பிப்ரவரி மாதக் கட்டணச் சீட்டு வரவில்லை என்று ஒரு புகார் வந்தது. ஆயிரக்கணக்கானோருக்குச் சரியாக வந்திருந்தது. முப்பது நாற்பது பேருக்கு மட்டும் வரவில்லை. முதல் நாள் முழுவதும் மின்னஞ்சல் அனுப்பும் பகுதியைச் சந்தேகித்தேன், அங்கே தவறில்லை. இரண்டாம் நாள் காலையில், சீட்டு வராதவர்களின் பட்டியலை அவர்கள் சேர்ந்த தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபோது, எல்லோரும் 29, 30, 31 ஆகிய தேதிகளில் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. ஜனவரி 31-ஆம் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் மொழி பிப்ரவரி 31 என்று கணக்கிட்டு, அப்படி ஒரு நாள் இல்லாததால் மார்ச் 3-க்கு நகர்ந்துவிடும். லீப் ஆண்டாக இருந்தால் மார்ச் 2. பிப்ரவரி மாதமே அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது. திருத்தியது இரண்டே வரிகள். தேடியது ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை, பசியும் நேரமும் தெரியவில்லை, பட்டியலில் அந்தத் தேதிகள் கண்ணில் பட்ட கணத்தில் உடம்பே சிலிர்த்தது. நிரலாக்கத்தின் இன்பம் இந்தக் கணத்தில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒன்றரை நாள் உங்களுக்குச் சித்திரவதையாகத் தோன்றுமா, வேட்டையாகத் தோன்றுமா என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது.

இனி அடுத்தது. ஆறு வாரத்தில் வெளியிட வேண்டிய ஒரு மென்பொருளுக்கு, வேறொரு நிறுவனத்தின் கட்டணச் சேவை மூன்றாம் வாரத்தில் இணைக்கப்பட வேண்டும். இரண்டாம் வாரச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், "அநேகமாக அடுத்த வாரம் கொடுத்துவிடுவோம்" என்றார் அந்த நிறுவனத்துக்காரர். கூட்டத்தில் இருந்த நிரலாளர்கள் "அடுத்த வாரம்" என்பதைக் கேட்டார்கள். எங்கள் திட்ட மேலாளர் "அநேகமாக" என்பதைக் கேட்டார். கூட்டம் முடிந்ததும் அந்த நிறுவனத்துக்காரரைத் தனியாக அழைத்து, இன்னும் முடிய வேண்டியது எது என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, பாதுகாப்பு ஒப்புதலில் கையெழுத்திட வேண்டியவர் இரண்டு வார விடுப்பில் இருக்கிறார் என்பதை வெளியே கொண்டுவந்தார். விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று விசாரித்து அவரிடம் போனார். அதற்கிடையில் எங்களிடம் அந்தக் கட்டணச் சேவையைப் போலவே பதில் தரும் ஒரு போலிச் சேவையை எழுதச் சொல்லி, அதை வைத்துச் சோதனையைத் தொடங்க வைத்தார். அன்று மாலையே வாடிக்கையாளரிடம் நிலைமையைச் சொல்லி, ஒப்புதல் தாமதமானால் வெளியீட்டு நாளைத் தள்ளுவதா, கட்டணப் பகுதி இல்லாமல் முதலில் வெளியிடுவதா என்று இரண்டு வழிகளை முன்வைத்தார். கடைசியில் ஒப்புதல் சரியான நேரத்தில் வந்தது. வெளியீட்டு நாளில் அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. அவருடைய நான்கு நாள் உழைப்பின் பலன் முழுவதும் அந்த "எதுவும் நடக்கவில்லை" என்பதுதான்.

இந்த இரண்டாவது சம்பவத்தைப் படிக்கும்போது உங்களுக்குள் என்ன தோன்றியது என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு பேரிடம் பேசியதற்கு நாமே எதையாவது எழுதி முடித்திருக்கலாமே என்று எரிச்சல் வந்ததா, அல்லது அந்த "அநேகமாக" என்ற சொல்லைப் பிடித்த இடத்தில் ஒரு மகிழ்ச்சி வந்ததா?

வேறுபாடு எங்கே வேர் கொண்டிருக்கிறது

நிரலாளருக்குப் பதில் உடனே கிடைக்கிறது. எழுதிய நிரலை இயக்கினால் சில நொடிகளில் சரி, தவறு தெரிந்துவிடும். தவறு என்றால் எந்த வரி என்பதும் பெரும்பாலும் தெரியும். திட்ட மேலாளர் இன்று எடுத்த முடிவு சரியா என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரியலாம். அப்போதும் அது அவருடைய முடிவால் நேர்ந்ததா, வேறு எதனால் நேர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். உடனடிப் பதில் இல்லாமல் நம்பிக்கையோடு நடக்கத் தெரியாதவருக்கு இந்த வேலை மிகுந்த களைப்பைத் தரும்.

நேரம் துண்டாகும் விதமும் வேறு. ஒரு சிக்கலான நிரல்பகுதியைத் திருத்துபவர் பத்துப் பன்னிரண்டு விவரங்களை ஒரே சமயத்தில் மனத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு ஒன்று வந்தால் அத்தனையும் சரிந்து, மறுபடியும் அடுக்க வேண்டியிருக்கும். திட்ட மேலாளருக்கோ அந்த ஐந்து நிமிட அழைப்புதான் வேலையே. இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்லும் பொறுப்புகள் பல நிறுவனங்களில் உண்டு. ஒருவரே பாதி நேரம் நிரலும் பாதி நேரம் மேலாண்மையும் பார்க்க வேண்டும் என்று விளம்பரம் வந்தால், காலையில் எத்தனை மணி நேரம் கூட்டமில்லாமல் கிடைக்கும் என்று நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதாக அதிகாரம். திட்ட மேலாளர் என்றால் உத்தரவிடுபவர் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பல நிறுவனங்களில் அவருக்குக் கீழே வேலை செய்பவர்களின் ஊதிய உயர்வோ, ஆண்டு மதிப்பீடோ அவர் கையில் இருக்காது. குறித்த நாளில் முடிக்க வேண்டிய பொறுப்பு மட்டும் அவருடையது. கேட்டு, விளக்கி, சமாதானப்படுத்தி, சில நேரம் பிடிவாதமாக நின்று வேலையை நகர்த்த வேண்டும். உத்தரவிடும் ஆசையோடு இத்தொழிலுக்கு வருபவர்கள் ஏமாந்து போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்படியொரு தொழில் ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். ஐந்து பேர் உள்ள குழுவில் ஒருவரோடு ஒருவர் பேசும் இணைப்புகள் 10. பத்துப் பேர் என்றால் 45. இருபது பேர் என்றால் 190. ஆட்கள் இரண்டு மடங்கானால் இணைப்புகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன. ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிக்கான இயங்குதளப் பணியை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதியது இந்த அனுபவத்திலிருந்துதான். புதியவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவரே. இந்த 190 இணைப்புகளில் எவை உண்மையில் தேவை, எவற்றை அறுத்துவிடலாம் என்று யாராவது ஒருவர் நாள்தோறும் யோசிக்க வேண்டும். அந்த யோசனை உங்களுக்குச் சுவையாக இருந்தால், மேலாண்மையில் உங்களுக்கு இடம் இருக்கிறது.

பதவிப் பெயர்களை நம்பாதீர்கள்

திட்ட மேலாளர், தயாரிப்பு மேலாளர், பொறியியல் மேலாளர், ஸ்க்ரம் மாஸ்டர், தொழில்நுட்பத் தலைவர் ஆகிய ஐந்து பெயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு பொருளில் வழங்குகின்றன. பொதுவாகச் சொன்னால், எதை உருவாக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் தயாரிப்பு மேலாளர். எப்போது, யாரால், எவ்வளவு செலவில் முடியும் என்பதைப் பார்ப்பவர் திட்ட மேலாளர். நிரலாளர்களின் வளர்ச்சி, மதிப்பீடு, வேலைக்கு எடுத்தல் ஆகியவற்றைப் பார்ப்பவர் பொறியியல் மேலாளர். நிரலின் அமைப்பைத் தீர்மானித்துத் தானும் எழுதுபவர் தொழில்நுட்பத் தலைவர். ஸ்க்ரம் என்ற வேலைமுறையைக் குழு சரியாகப் பின்பற்ற உதவுபவர் ஸ்க்ரம் மாஸ்டர். ஆனால் திட்ட மேலாளர் என்ற பெயரில் கூட்டக் குறிப்பு எடுப்பதும் அட்டவணை நிரப்புவதும் மட்டுமே வேலையாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக, மாற்றங்களுக்கு இடம் கொடுத்து உருவாக்கச் சொல்லும் அஜைல் கொள்கை அறிக்கையை வெளியிட்ட பிறகு இந்தக் குழப்பம் கூடியது. அவ்வகையில் இன்று பரவலாகப் பின்பற்றப்படும் ஸ்க்ரம் முறையில் தயாரிப்பு உரிமையாளர், ஸ்க்ரம் மாஸ்டர், உருவாக்குநர்கள் என்ற மூன்று பொறுப்புகள்தான் உண்டு; திட்ட மேலாளர் என்ற பெயரே கிடையாது. அதனால் அந்த வேலை மறைந்துவிடவில்லை, மூவருக்கும் பிரிந்து போயிருக்கிறது. ஆகவே ஒரு வேலை வாய்ப்பு வரும்போது பதவியின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு விவரங்களைக் கேட்டறியுங்கள்: எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர் யார், நாள் தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார், ஊழியர்களின் மதிப்பீட்டை எழுதுபவர் யார், கடைசியாக இப்பதவியில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார். நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் சில சமயம் மற்ற மூன்றுக்கும் விடை இருக்கும்.

தவறான காரணங்கள்

கூச்ச சுபாவம் உள்ளவன் நான், ஆகவே எனக்கு நிரலாக்கம்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல நிரலாளர் நிறையவே பேசுகிறார். பிறர் எழுதிய நிரலை மதிப்பிட்டுக் கருத்துச் சொல்கிறார், தன் முடிவுகளை எழுத்தில் விளக்குகிறார், இது இந்தக் காலத்துக்குள் முடியாது என்று மறுக்கிறார். அதுபோலவே, கணக்கு வராது, அதனால் மேலாண்மை என்பதும் பொருந்தாது. செலவுக் கணக்கு, கால மதிப்பீடு, ஆபத்தின் வாய்ப்பு என்று மேலாளரின் நாள் எண்களால் நிறைந்தது. பெரும்பாலான அன்றாட நிரலாக்கத்துக்குத் தேவைப்படுவதோ உயர் கணிதத்தைவிட ஒழுங்கான தர்க்கம்தான்.

வயதாகிவிட்டால் நிரல் எழுத முடியாது என்பது இன்னொரு பயம். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன. மேலாண்மைக்குப் போகாமலே முதுநிலைப் பொறியாளர், ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று உயரலாம், ஊதியமும் அதற்கிணையான மேலாளரின் ஊதியத்தோடு ஒட்டிச் செல்லும். சிறிய நிறுவனங்களில் இந்த இரண்டாவது ஏணி பெரும்பாலும் இருக்காது. உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால், அதில் உயரே இருக்கும் ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட ஆள் இல்லையென்றால் அந்த ஏணி காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதத் தொடங்கிய பிறகு, நிரலாக்கத்தை விட்டுவிட்டு மேலாண்மைக்கு ஓட வேண்டும் என்ற எண்ணம் மாணவர்களிடம் பரவியிருக்கிறது. அக்கருவிகள் கூட்டக் குறிப்பையும் எழுதுகின்றன, கால அட்டவணையையும் போட்டுக் கொடுக்கின்றன. இயந்திரம் செய்யக்கூடிய பகுதி இரண்டு தொழில்களிலுமே இருக்கிறது. நிரலாக்கத்தில் மிஞ்சுவது, எழுதப்பட்டது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் அறிவும் அமைப்பை வகுக்கும் அறிவும். மேலாண்மையில் மிஞ்சுவது, "அநேகமாக" என்று சொன்னவரின் முகத்தைப் படிப்பது. பயத்தால் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடாதீர்கள்.

செய்து பார்க்கும் முறை

இரண்டு சோதனைகளைச் செய்யச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம் ஒதுக்குங்கள். வேலையில் இருப்பவர்கள் வார இறுதிகளில் செய்யலாம்.

முதல் சோதனை, உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேராவது உண்மையில் பயன்படுத்தும் ஒரு சிறு மென்பொருளை எழுதுவது. வீட்டுச் செலவுக் கணக்கோ, நூலக இரவல் பட்டியலோ, எதுவாக இருந்தாலும் சரி. எழுதி முடிப்பதில் சோதனை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. பயன்படுத்துபவர்கள், இது வேலை செய்யவில்லை, அது புரியவில்லை என்று சொல்லத் தொடங்கிய பிறகு, ஏற்கெனவே எழுதியதைத் திறந்து திருத்தும் இரண்டு வாரங்கள்தான் நிரலாளரின் உண்மையான வாழ்க்கை. புதிதாக எழுதுவது எல்லோருக்கும் பிடிக்கும். பழையதைப் படித்துத் திருத்துவது பிடிக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சோதனை, குறைந்தது நான்கு பேர், தேதி குறித்த ஒரு காரியம், அவர்கள் உங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்ற மூன்றும் சேர்ந்த ஒன்றை நடத்துவது. கல்லூரி விழாவின் ஒரு பகுதியாக இருக்கலாம். தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் திறந்தமூல மென்பொருளின் ஒரு வெளியீடாகவும் இருக்கலாம். தொடங்குமுன் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டால் எத்தனை நாள். முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் கூட்டி, அதோடு நடு எண்ணின் நான்கு மடங்கைச் சேர்த்து, ஆறால் வகுத்தால் ஒரு மதிப்பீடு கிடைக்கும். 4, 6, 14 என்று எழுதியிருந்தால் விடை 7 நாள். போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடற்படை 1958-இல் உருவாக்கிய பெர்ட் என்ற முறையில் வந்த கணக்கு இது, இன்றும் பயன்படுகிறது. வேலை முடிந்ததும் உண்மையில் ஆன நாளைப் பக்கத்தில் எழுதி, வித்தியாசம் எதனால் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதும் ஆவல் உங்களுக்கு இருக்கிறதா என்பதும் சோதனையின் ஒரு பகுதிதான்.

அதே காரியத்தில் எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்றும் வரைந்து பாருங்கள். திரை வடிவமைப்புக்கு 5 நாள், அது முடிந்தபின் திரையை எழுத 6 நாள். இன்னொரு பக்கம் தரவுத்தள மாற்றத்துக்கு 8 நாள். இரண்டையும் இணைக்க 3 நாள். சோதிக்க 4 நாள் என்று வைத்துக்கொள்வோம். திரை வழியாகப் போனால் மொத்தம் 18 நாள், தரவுத்தள வழியாகப் போனால் 15 நாள். தரவுத்தள வேலை கடினமானது என்றாலும் அதற்கு மூன்று நாள் மூச்சுவிட இடம் இருக்கிறது; திரை வேலை ஒரு நாள் தாமதித்தால் முழுத் திட்டமும் ஒரு நாள் தாமதிக்கும். ஆகவே உங்கள் கவலை முதலில் போக வேண்டிய இடம் திரை. எது கடினம் என்று பார்க்கும் பழக்கத்திலிருந்து எது காத்திருக்க வைக்கிறது என்று பார்க்கும் பழக்கத்துக்கு மாறுவதுதான் நிரலாளர் மேலாளராகும்போது நிகழும் மிகப் பெரிய மாற்றம்.

இந்த இரண்டாவது சோதனையில் ஒரு கணத்தை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். யாரோ ஒருவர் சொன்ன நாளில் தன் பங்கை முடிக்காமல் வந்து நிற்பார், கட்டாயம் நடக்கும். அப்போது உங்கள் கை எதை நோக்கிப் போகிறது? அவர் வேலையைப் பிடுங்கி இரவோடு இரவாக நீங்களே முடித்துவிடத் தோன்றுகிறதா, அல்லது அவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே சிக்கியது என்று கேட்கத் தோன்றுகிறதா? முதலாவது நிரலாளரின் இயல்பு. மேலாளருக்கு அது நஞ்சு.

நான் வீணாக்கிய ஓராண்டின் கதையும் இதுதான். மேலாளர் என்ற பெயரோடு, குழுவில் இருந்த இளையவர்கள் முடிக்காததையெல்லாம் இரவில் நானே எழுதி முடித்தேன். வேகமாகப் போகிறோம் என்று நினைத்தேன். மூன்றாம் மாதத்தில் அவர்கள் கடினமான பகுதிகளைத் தொடவே இல்லை, எப்படியும் நான் எழுதிவிடுவேன் என்று விட்டுவைத்தார்கள். வாடிக்கையாளரோ, வெளியீட்டு நாள் பற்றிப் பத்து நாளாக ஒரு வார்த்தையும் வரவில்லையே என்று கோபத்தில் இருந்தார். நான் காய்ச்சலில் விழுந்த ஒரு வாரத்தில் எல்லாம் நின்றுபோனது. எனக்கு மேலே இருந்தவர்கள் என்னை மேலாளராக்கியபோது ஒரு நாள் பயிற்சிகூடத் தரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு; ஆனால் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

சோதனைகள் நடக்கும்போது ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் செய்த வேலைகளை எழுதி, எதைச் செய்தபோது நேரம் போனதே தெரியவில்லை, எதற்குப் பிறகு சோர்வு வந்தது என்று குறியுங்கள். எட்டு வாரம் கழித்து அதைப் புரட்டும்போது, மனம் சொல்வதற்கும் ஏடு சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் ஏட்டை நம்புங்கள்.

முதல் வேலை தேடுபவர்களுக்கு

இரண்டும் ஓரளவு பிடிக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் நிரலாக்கத்தில் தொடங்குங்கள். நிரலிலிருந்து மேலாண்மைக்குப் போகும் பாதை அகலமானது. எதிர்த் திசையில் அது குறுகலானது. மூன்று நாள் ஆகும் என்று ஒருவர் சொல்லும்போது அதில் சோதனைக்கான நேரம் அடங்கியிருக்கிறதா என்று கேட்கத் தோன்றுவது, அந்த மூன்று நாளை ஒருமுறையாவது தானே அனுபவித்தவருக்குத்தான்.

சான்றிதழ் எடுத்தால் நேரே திட்ட மேலாளர் ஆகிவிடலாம் என்று பயிற்சி மையங்கள் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். 1969-இல் தொடங்கப்பட்ட பிஎம்ஐ என்ற திட்ட மேலாண்மை அமைப்பு திட்ட மேலாளர்களுக்கு வழங்கும் பிஎம்பி சான்றிதழுக்கு, நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் 36 மாதம் திட்டங்களை நடத்திய அனுபவத்தையும், 35 மணி நேரப் பாடப் பயிற்சியையும் காட்ட வேண்டும். அத்தகைய பட்டம் இல்லாதவர்களுக்கு 60 மாத அனுபவம் தேவை. அது வேலையில் சேர்வதற்கான நுழைவுச் சீட்டன்று, வேலை செய்ததற்கான அடையாளம். புதியவர்களுக்காக அதே அமைப்பு வழங்கும் கேப்எம் என்ற சான்றிதழ் இருக்கிறது. சொற்களையும் முறைகளையும் கற்க அது உதவும், அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். கட்டுமானத்திலோ, மருத்துவமனை நிர்வாகத்திலோ, பெரிய நிகழ்ச்சிகளை நடத்துவதிலோ பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் மென்பொருள் திட்டங்களுக்கு வரும்போது, அடிமட்ட நிரலாளராகத் தொடங்க வேண்டிய தேவை இல்லை. மனிதர்களையும் தேதிகளையும் கையாள அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் நிரலை எழுதத் தெரியாவிட்டாலும் அதைச் சுற்றி நடப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும்: நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் போன்ற கருவியில் அவை எப்படிச் சேர்கின்றன, தானியங்கிச் சோதனை என்ன சொல்கிறது, ஒரு வெளியீட்டை எப்படித் திரும்பப் பெறுவது, அவசரத்தில் எழுதிய நிரல் பின்னால் எப்படி வட்டியோடு திரும்பி வருகிறது. ஆறு மாதம் ஒரு பொறுமையான நிரலாளரின் அருகில் அமர்ந்தால் இவை வந்துவிடும்.

ஏற்கெனவே வேலையில் இருந்து மாற நினைப்பவர்களுக்கு

மேலதிகாரி பொறுப்பைத் தர முன்வந்தால் அந்த அறையிலேயே சம்மதம் சொல்லாதீர்கள். ஒரு வாரம் கேட்டுவாங்குங்கள். அந்த வாரத்தில், அதே நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்யும் இருவரிடம் பேசுங்கள். வேலை எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். போன வாரம் எந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, கடைசியாக யாரிடம் கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தது, எப்படிச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு வெகுநேரம் யோசிப்பவரின் மௌனத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்பதென்று முடிவானால், ஆறு மாதச் சோதனைக் காலம் என்று எழுத்தில் பெறுங்கள். அக்காலம் முடிந்ததும் உங்களுக்கோ நிறுவனத்துக்கோ ஒத்துவரவில்லை என்றால் பழைய நிலைக்கே, ஊதியம் குறையாமல், திரும்பலாம் என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும். இப்படிக் கேட்பது துணிவின்மையாகத் தெரியும் என்று பலர் தயங்குகிறார்கள். நான் மேலாளராக இருந்தபோது இப்படிக் கேட்டவர்கள் இருவர். இருவர் மீதும் எனக்கு மதிப்பு கூடியது, ஏனென்றால் ஆபத்தை முன்கூட்டியே பார்த்து மாற்று வழி வைப்பதுதான் அவர்கள் செய்யப்போகும் வேலையே.

அந்த ஆறு மாதத்தில் நிரலை முற்றிலும் விட்டுவிடாதீர்கள், அதே நேரம் திட்டம் காத்திருக்கும் வேலை எதையும் உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளாதீர்கள். பிறர் நிரலைப் படிப்பது, சிறு கருவிகள் எழுதுவது, அவசரமில்லாத பிழைகளைத் திருத்துவது ஆகியவை கையைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கப் போதும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடாமல் விட்டால் மொழி மறக்காது. ஆனால் சுற்றியுள்ள கருவிகளும் நூலகங்களும் வெகுதூரம் போயிருக்கும், திரும்பி வரும் முதல் மாதங்கள் கடினமாக இருக்கும். அதற்காகவும் திரும்பி வர அஞ்ச வேண்டாம். மேலாண்மை பார்த்துவிட்டுத் திரும்பிய நிரலாளர்கள் தங்கள் மதிப்பீட்டைச் சொல்லும் விதத்திலேயே வேறுபாடு தெரியும்.

மேலாளராக இருந்து நிரலாக்கத்துக்கு வர விரும்புபவர்கள், நேரே முதுநிலைப் பொறுப்பைக் கேட்பதைவிட, தங்கள் கைக்கு அருகில் இருக்கும் தரவிலிருந்து தொடங்குவது நல்லது. வாரந்தோறும் கையால் தயாரிக்கும் அறிக்கையை, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரு வினவலாக மாற்றுங்கள், பிறகு பைத்தான் என்ற நிரல்மொழியில் தானாக ஓட வையுங்கள், அதன்பின் குழுவின் தானியங்கிச் சோதனைகளில் ஒன்றை எழுதித் தரட்டுமா என்று கேளுங்கள். தினமும் ஒரு மணி நேரம் கொடுத்தால் ஓராண்டு முதல் ஈராண்டுக்குள், பிறர் மதிப்பிட்டு ஏற்கும் நிரலை எழுதும் நிலைக்கு வரலாம்.

ஆறாம் மாதம் முடிந்து மேலதிகாரியோடு அமரும் நாளுக்கு முன்பு, கடந்த நான்கு வாரங்களின் நாட்காட்டியை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் எதிரிலும், இதை மறுபடி செய்யச் சொன்னால் மனமுவந்து போவேனா என்று கேட்டு ஒரு குறி இடுங்கள். குழுவில் இருப்பவர்களில் மூவரிடம், நான் இந்தப் பொறுப்பில் தொடர்ந்தால் உங்களுக்கு எது எளிதாகும், எது கடினமாகும் என்று தனித்தனியே கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதங்களோடு அறைக்குள் சென்று, முதலில் உங்கள் முடிவைச் சொல்லுங்கள்; காரணங்களை அவர் கேட்ட பிறகு சொல்லலாம்.